சக்கரத்தின் சாட்சியம்

கஅபாவைத் தவாஃப் செய்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். இறையில்லத்தை நெருங்கி நடப்பவர் குறைந்த அடிகளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறார். கூட்டத்தின் வெளியோரத்தில் நடப்பவருக்கோ அதே ஒரு சுற்று நெடுந்தொலைவாகிவிடுகிறது. இருவருக்கும் சுற்று ஒன்றே; நடக்கும் தூரம் வேறு. இருவரும் தோளோடு தோள் பிரியாமல் வரவேண்டும், அடியும் ஒரே வேகத்தில் எடுத்து வைக்கவேண்டும் என்று யாரேனும் விதித்தால் அது நடவாத காரியம். ஒருவர் கால் தேய இழுபடுவார். மற்றவர் முட்டுப்பட்டு நிற்பார்.

வளைவில் திரும்பும் மோட்டார் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இதே நிலைதான். உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும், வெளிப்புறச் சக்கரம் மிகுந்த தூரமும் உருளவேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிப் பூட்டினால் டயர் தேயும். வண்டி திரும்ப மறுக்கும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே, பின் ஆக்சிலின் நடுவே பானைபோல் புடைத்திருக்கும் கூட்டுக்குள் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியை வைத்திருக்கிறார்கள். நம் ஊர் லாரிப் பட்டறைகளில் ‘கிரவுன்’ என்றும் ‘பினியன்’ என்றும் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவை குடியிருக்கும் வீடு இதுதான். பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் 1820களின் பிற்பகுதியில், பெட்ரோல் வண்டிகள் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இரும்புக் கூட்டுக்குள் சுழலும் இந்தப் பொருளைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவானேன் என்று அன்பர்கள் நினைக்கலாம். சென்ற குளிர்காலத்தில் அதைக் கழற்றி, இன்னதென்று அறிந்து, வேறொன்றை மாட்டிய வேலையினூடே, வாணிபத்தைக் குறித்தும் வாய்மையைக் குறித்தும் சில உண்மைகள் எனக்கு விளங்கின. அவற்றைப் பகிர்ந்துகொள்ளவே எழுதுகிறேன்.

நான் வாழ்வது இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு நகரில். பொறியியல் பயிலும் என் மகன், வார இறுதிகளில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் 1989இல் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்திய இருவர் அமரும் சிறு வண்டி அது. உலகம் அதை எம்எக்ஸ்-5 என்றது; ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். இரு நாடுகளிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே ஓடுவதால், ஜப்பானில் ஓடிய வண்டிகள் பல பிற்காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து வந்து சேர்ந்தன. என் மகன் வாங்கியதும் அவ்வாறு வந்த 1990ஆம் ஆண்டு வண்டி, 1.6 லிட்டர் எஞ்சின்.

விற்றவர் எழுதிக் கொடுத்த விவரக் குறிப்பில், “வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் பொருத்தப்பட்டது” என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே என் மகன் கூடுதல் விலை கொடுத்தான். அதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும்.

சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பங்கிடுகிறது. கேட்பதற்கு இது நீதியாகத் தோன்றும். ஆனால் ஒரு சக்கரம் நல்ல சாலையிலும் மற்றொன்று பனிக்கட்டியின்மீதும் நிற்கும்போது நடப்பது வேறு. பனிமேல் நிற்கும் சக்கரம் எதிர்ப்பின்றிச் சுழல்வதால் அது ஏற்கும் விசை மிகச் சொற்பம். சமப்பங்கு என்பதால், உறுதியான தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் கிடைக்கும். ஒன்று வீணே சுழல, மற்றொன்று வலுவிருந்தும் வாளாவிருக்க, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இக்குறையைப் போக்க வந்தவையே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகைகள்.

அவற்றுள் ஒன்று விஸ்கஸ் வகை. அடைபட்ட உருளைக்குள் துளையிட்ட தகடுகளை நெருக்கமாக அடுக்கி, இடையே கெட்டியான சிலிக்கோன் எண்ணெயை நிரப்பியிருப்பார்கள். சக்கரங்களின் வேகம் பெரிதும் வேறுபட்டால் அந்த எண்ணெய் தகடுகளைப் பற்றி இழுத்து, வீணே சுழல்வதைத் தடுக்கும். மற்றொன்று டார்சன் வகை. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. எண்ணெயின் பிடியை நம்பாமல், சாய்வாக வெட்டிய பற்களின் உராய்வினாலேயே, பிடிப்புள்ள சக்கரத்துக்கு மிகுதியான விசையைத் திருப்பிவிடும்.

மழை பெய்த ஒரு மாலையில், சந்திப்பு வட்டத்தைச் சுற்றித் திரும்பியபோது வண்டியின் உட்புறச் சக்கரம் வீறிட்டுச் சுழன்றது. ஒருமுறையன்று, ஈரம் பட்ட போதெல்லாம் இவ்வாறே. “வாப்பா, சீட்டில் எழுதியிருக்கிறது, சக்கரம் வேறு சொல்கிறதே?” என்றான் மகன்.

எங்கள் அண்டை வீட்டில் லாரிப் பட்டறையொன்றில் நாற்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயப் பெரியவர் இருக்கிறார். அவர் குறிப்பைப் படிக்கவே இல்லை. தாளை மடித்து என் மகனின் சட்டைப் பையில் செருகிவிட்டு, “சக்கரத்திடம் கேட்போம்” என்றார்.

கேட்கும் முறை எளிதானது. முதலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டின்மீது வண்டியை இருத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் தலை நீட்டக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, கியரை நியூட்ரலில் விட்டு, உயர்ந்து நின்ற சக்கரத்தைக் கையால் விரைந்து சுழற்றினோம். விஸ்கஸ் எண்ணெய் நல்ல நிலையில் இருந்தால், வேகமாகச் சுழற்ற முயலும் கைக்கு எதிர்ப்புத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை, தையல் இயந்திரத்தின் சக்கரம்போல் அது இலகுவாகச் சுழன்றது. பிறகு இரு சக்கரங்களையும் உயர்த்திக் கியரிலிட்டு ஒன்றைச் சுழற்றினோம். மற்றது தடையேதுமின்றி எதிர்த்திசையில் சுழன்றது. சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் அது.

அடுத்து விகிதத்தை அறிந்தோம். இரு சக்கரங்களையும் ஒருசேர ஒரே திசையில் பத்துச் சுற்றுச் சுழற்றி, எஞ்சினிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்குக்கட்டியால் இட்ட கோடு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினோம். நாற்பத்து மூன்று. அதாவது 4.3 என்ற விகிதம், 1.6 லிட்டர் வண்டிக்கு உரியதே. அவ்வகையில் அந்தப் பொருள் தன் பிறப்பைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

இந்தச் சோதனைகளிலும் ஒரு நுட்பம் உண்டு என்று பெரியவர் எச்சரித்தார். டார்சன் வகை நல்ல நிலையில் இருந்தாலும், ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது பெரும் எதிர்ப்பைக் காட்டாது. அது, பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ அதைப் பன்மடங்காக்கி மற்றதற்குத் தருவது. அந்தரத்தில் நிற்கும் சக்கரம் தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யமே. ஆகவே கையால் சுழற்றிப் பார்த்து, “ஒன்றுமில்லை” என்று தீர்ப்புச் சொல்வது சில வேளை நல்ல பொருளுக்கும் இழைக்கும் அநீதியாகும். ஆயில் வடித்து, ஆக்சில் ஷாஃப்டை உருவி, உள்ளே கண்ணால் பார்க்கும்வரை தீர்ப்பை நிறுத்தி வைக்கவேண்டும். ஒரே சாட்சியைக் கொண்டு வழக்கை முடிக்காத நம் ஷரீஅத்தின் நடைமுறை என் நினைவுக்கு வந்தது.

பொறியியலில் நம் முன்னோராகிய அல்ஜஸரீயையும் நினைத்துக்கொண்டேன். தியார்பக்ர் பகுதியை ஆண்ட அர்துக் மன்னர்களின் அவையில் பணிபுரிந்து, 1206இல் இயந்திர நுட்பங்களைப் பற்றிய பெருநூலை முடித்தவர் அவர். பற்சக்கரங்களும் நீர்க்கடிகாரங்களும் நிறைந்த அந்நூலின் முன்னுரையில், செய்து பார்த்துச் சோதிக்கப்படாத தொழில்நுட்ப அறிவு மெய்க்கும் பொய்க்கும் இடையே தொங்கிக்கொண்டிருக்கும் என்ற கருத்தை அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் கையிலிருந்த விவரக் குறிப்பும் அவ்வாறு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

கழற்றிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. கூட்டின் பின்பகுதியைப் பிரித்து மேசைமேல் வைத்தோம். உள்ளே விஸ்கஸ் உருளை இருந்தது! விற்றவர் எழுதியது பொய்யன்று. முப்பதாண்டுக்கும் மேலான உழைப்பிலும் வெப்பத்திலும் அதன் எண்ணெய் தன் குணத்தை இழந்துவிட்டிருந்தது, அவ்வளவுதான். அடைத்து மூடிய உருளையாதலால் வீட்டில் வைத்துத் திறந்து புதுப்பிக்கவும் வழியில்லை. பெயர் இருந்தது, பெயருக்குரிய பொருள் வற்றிவிட்டது.

நம் ஊர்களில் ‘ஆலிம்சா வீடு’ என்று அழைக்கப்படும் வீடுகள் உண்டு. மூன்று தலைமுறைக்கு முன் ஓதிக் கொடுத்த ஒருவரின் நினைவாக அப்பெயர் நிலைத்திருக்கும். இன்று அவ்வீட்டில் குர்ஆனைத் திருத்தமாக ஓதுவார் ஒருவர்கூட இல்லாமற் போயிருக்கலாம். பெயர் பொய்யன்று, அது ஒரு காலத்தின் உண்மை. ஆனால் அந்தக் காலத்தின் உண்மையைக் காட்டி இந்தக் காலத்தின் மதிப்பைக் கேட்பது எப்படிப் பொருந்தும்?

என் மகன் டார்சன் வகையை மாட்டுவதென்று முடிவு செய்தான். மாஸ்டா 1993இல் இவ்வண்டிக்கு 1.8 லிட்டர் எஞ்சினைத் தந்தபோது டிஃபரன்ஷியலையும் பெரிதாக்கியது. 1.6 லிட்டர் வண்டியின் கிரவுன் சக்கரம் ஏறத்தாழ ஆறு அங்குலம், 1.8இல் ஏழு அங்குலம். டார்சன் வந்ததும் இந்தப் பெரிய கூட்டில்தான். ஆனால் 1.8 லிட்டர் வண்டிகள் எல்லாவற்றிலும் டார்சன் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றிலும் சாதாரண வகை உண்டு. ஆகவே பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்துக்குப் போனபோது, ஆக்சில் ஷாஃப்ட் நுழையும் துவாரத்தில் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். சாதாரண வகையில், சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு ஊசி உள்ளே தெரியும். டார்சனில் அந்த ஊசி இல்லை. பார்த்து, உறுதி செய்துகொண்டு, பிறகே பணம் கொடுத்தோம்.

கூட்டை மட்டும் வாங்கி வந்தால் வேலை நடக்காது. பெரிய கூட்டின் முன்முகத் தட்டு அளவில் வேறுபடுவதால் அதற்குரிய புரொப்பெல்லர் ஷாஃப்டும், பருமனான ஆக்சில் ஷாஃப்ட்கள் இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். ஆக்சில் ஷாஃப்ட்களின் வெளிமுனை பழைய சக்கரக் குடத்திலேயே பொருந்திக்கொள்ளும். கியர்பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டமும் பழையதே போதும். இரண்டு சனிக்கிழமைகள் வேலை நீண்டது. லுஹருக்கும் அஸருக்கும் கைகழுவி எழுந்தபோதெல்லாம், நகக்கண்ணில் ஏறிய கிரீஸைப் போக்கி உளூச் செய்வதே தனி வேலையாயிற்று.

ஆயில் விஷயத்தில் பெரியவர் சொன்ன அறிவுரை எல்லா வேலைக்கும் பொருந்தும். வடிக்கும் திருகைத் தொடுமுன் ஊற்றும் திருகைத் தளர்த்திப் பார்த்துவிட வேண்டும். மேல் திருகு துருவேறி அசையாமற் போனால், உள்ளதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வழியின்றி விழிக்க நேரும். உள்ளதை இழக்குமுன், வருவதற்கு வழி இருக்கிறதா என்று பார் என்பதே அதன் சாரம்.

வேலை முடிந்தது, ஈரச் சாலையில் வண்டி அடக்கமாகத் திரும்பிற்று. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். ஆனால் இரண்டு கணக்குகள் எஞ்சியிருந்தன.

முதற்கணக்கு வேகமானியைப் பற்றியது. இந்த வண்டியில் வேகமானி, கியர்பெட்டியின் சுழற்சியைக் கொண்டே வேகத்தை அளக்கிறது. முன்பு சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.3 முறை சுற்றியது. புதிய கூட்டின் விகிதம் 4.1. ஆகவே வண்டி 70 மைல் வேகத்தில் ஓடும்போது முள் ஏறத்தாழ 67தான் காட்டும். உண்மை வேகத்தினும் குறைத்துக் காட்டும் வேகமானியை இந்நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை. அதனினும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களும் அதே வழியில் இயங்குகின்றன. வண்டி 10,000 மைல் ஓடினால் மானி 9,535 மைலே காட்டும். நாளை இவ்வண்டியை வாங்குகிறவர், தாம் அறியாமலே 465 மைல்களுக்கு ஏமாற்றப்படுவார். அதுவும் எவரும் பொய் சொல்லாமலே. அளவையில் குறைப்போரை எச்சரிக்கத் திருமறையில் அல்முதஃப்பிஃபீன் என்ற அத்தியாயம் இருப்பதை நாம் அறிவோம். தராசும் படியும் மட்டுமா அளவைகள்? கியர்பெட்டியில் வேகமானியை இயக்கும் சிறு பற்சக்கரத்தை, புதிய விகிதத்துக்கு ஏற்றதாக மாற்றிய பிறகே மனம் அமைதியுற்றது. வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவித்தோம்.

இரண்டாங் கணக்கு, கழற்றி வைத்த பழைய கூடு. மகன் அதை விற்க விரும்பினான். கல்விச் செலவிருக்கும் மாணவனுக்கு நூறு பவுன் சிறு தொகையன்று. தொலைபேசியில் ஒருவர் அழைத்தார். விஸ்கஸ் வகையா என்று கேட்டார். ஆம் என்றான். 150 பவுன் தருவதாகச் சொன்னார். அது வேலை செய்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை.

மகன் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வயது நிரம்பியவனுக்கு இதைச் சொல்லித் தருவதைவிட, சிறுவயதில் சொல்லித் தந்தது தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே தந்தைக்கு உரிய வேலை என்று தோன்றியது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சி நம் பிள்ளைகள் மதரஸாவில் கேட்டதுதான். குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்னவென்று வினவியபோது, மழை பட்டுவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் இந்நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருந்தும், அன்றுதான் அதன் ஒரு நுட்பம் எனக்குத் தெளிவாயிற்று. மழை பெய்ததற்கு வணிகர் பொறுப்பாளியல்லர். தானியம் நனைந்ததும் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியதே குற்றம். பொருள் தேய்வது இயற்கை. தேய்வை மறைப்பது மனிதன் செய்வது.

மகன் தொலைபேசியில் தொடர்ந்தான். “விஸ்கஸ் வகைதான் ஐயா. ஆனால் உள்ளே எண்ணெய் வலுவிழந்துவிட்டது. இப்போது சாதாரண டிஃபரன்ஷியல் போலத்தான் வேலை செய்யும். பற்கள் நன்றாக இருக்கின்றன. சாதாரண வகைக்கு உரிய விலை கொடுத்தால் போதும்.” மறுமுனையில் சற்று மௌனம். பின்பு அவர் நாற்பது பவுனுக்கு எடுத்துக்கொள்ள இசைந்தார். வந்து வாங்கிச் சென்றபோது, மகன் ஒரு சீட்டில் விகிதம், வகை, இன்றைய நிலை மூன்றையும் எழுதிக் கூட்டின்மேல் ஒட்டிக் கொடுத்தான்.

அன்றிரவு உம்மாவிடம் அவன், “நூற்றுப் பத்துப் பவுன் போய்விட்டது” என்றானாம். “போகவில்லை, வேறு கணக்கில் ஏறியிருக்கிறது” என்று அவள் விடை சொல்லியிருக்கிறாள்.

நமக்கு விற்றவர் ஏன் இப்படிச் சொல்லவில்லை என்ற கேள்வி வீட்டில் எழாமல் இல்லை. அவருக்கும் எவரோ அந்த வரியை எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் சோதித்துப் பாராமல் அடுத்தவருக்குக் கைமாற்றியிருக்கலாம். ஒரு முஃமினுக்கு நல்லெண்ணமே முதற்கடமை. ஆனால் நல்லெண்ணம் கொள்வது வேறு, அவருடைய சீட்டை அப்படியே நாமும் கைமாற்றுவது வேறு. கைமாறிக் கைமாறி வந்த ஒரு சொல், சோதித்து அறிந்த ஒருவன் கையை அடைந்ததும் அங்கே நின்றாக வேண்டும். இல்லையேல் அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் என்ன வேறுபாடு?

நம்மீதும் இப்படி எத்தனையோ சீட்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஹாஜியார் என்கிறார்கள், ஜமாஅத் தலைவர் என்கிறார்கள், நாணயமான வியாபாரி என்கிறார்கள். ஒட்டப்பட்ட நாளில் அவை உண்மையாகவே இருந்திருக்கும். ஆண்டுகள் ஓட ஓட உள்ளிருக்கும் ஈரம் வற்றுவதை வெளியிலிருந்து எவரும் காண முடியாது. வழுக்கும் இடம் வரும்போது சக்கரம் காட்டிக் கொடுத்துவிடும். அந்த இடம் வருமுன், ஓய்ந்த வேளையில் நாமே சுழற்றிப் பார்த்துக்கொள்வது நன்று. நமக்கு வழங்கும் பெயர்களுக்கு உரியவர்களாக வாழ வல்ல நாயன் அருள் புரிவானாக.